பூஞ்சை நோய்களும் போரான் மருந்துகளும்

தொற்றுநோய்கள் என்றதும் பாக்டீரியாக்களும் வைரசுகளும் நினைவுக்கு வருவதுபோல் பூஞ்சைகள் நினைவுக்கு வருவதில்லை. படர்தாமரை, சேற்றுப்புண், நகச்சொத்தை முதலியன தொல்லை தருவனவேயன்றி உயிருக்கு ஊறு செய்வன அல்ல என்பது பொதுவான எண்ணம். 2021-ஆம் ஆண்டில் இவ்வெண்ணம் பொய்த்தது. கோவிட் நோயிலிருந்து மீண்டவர்களைக் கருப்புப் பூஞ்சை நோய் தாக்கியது. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட விவரப்படி 45,000-க்கும் மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர். 4,300-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மாநிலங்களுள் மகாராஷ்டிரமும் ஒன்று. ஆம்போடெரிசின்-பி என்னும் மருந்துக்கு மருத்துவமனைகள் எங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஆபத்தான வேளையில் கைகொடுக்கப் பூஞ்சைக்கு எதிரான மருந்துகள் எத்துணைக் குறைவாக உள்ளன என்பதை நாடு அப்போதுதான் உணர்ந்தது.

இக்குறைவுக்கு அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. பாக்டீரியாவின் உயிரணு மனித உயிரணுவினின்று பெரிதும் வேறுபட்டது. ஆகவே பெனிசிலின் போன்ற மருந்து பாக்டீரியாவின் சுவரைத் தகர்க்கும். மனிதனுக்குத் தீங்கு செய்யாது. பூஞ்சையோ உட்கரு உடைய உயிரணுக்களால் ஆனது. உயிரின வரிசையில் அது பாக்டீரியாவைக் காட்டிலும் நமக்கு நெருங்கிய உறவு. பூஞ்சையைக் கொல்லும் நஞ்சு பெரும்பாலும் நோயாளியையும் வருத்தும். இவ்விரு உயிரணுக்களுக்கும் இடையேயுள்ள சிறு சிறு வேறுபாடுகளைத் தேடிப்பிடித்து, அவற்றின் வழியே தாக்குவதுதான் பூஞ்சை மருந்தியலின் முழு வேலையும் ஆகும்.

இதுவரை கண்டறியப்பட்ட வேறுபாடுகளும் சிலவே. பூஞ்சையின் உயிரணுச் சவ்வில் எர்கோஸ்டெரால் உள்ளது; நம் சவ்வில் இருப்பது கொலஸ்டெரால். ஆம்போடெரிசின் வகையைச் சேர்ந்த பாலியீன் மருந்துகள் எர்கோஸ்டெராலைப் பற்றிச் சவ்வைச் சிதைக்கின்றன. அசோல் வகை மருந்துகளும் டெர்பினஃபின் மருந்தும் எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கின்றன. எக்கினோகேண்டின் வகை பூஞ்சையின் சுவர் கட்டப்படுவதைத் தடுக்கிறது. இந்த ஆயுதங்களுக்கும் பூஞ்சைகள் பழகி வருகின்றன. இந்தியாவெங்கும் பரவியுள்ள டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்னும் படர்தாமரைப் பூஞ்சை டெர்பினஃபினுக்குப் பல இடங்களில் கட்டுப்படுவதில்லை. கேண்டிடா ஆரிஸ் என்னும் பூஞ்சை மருத்துவமனைகளில் பல மருந்துகளையும் எதிர்த்து நிற்கிறது. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக 19 பூஞ்சைகளைக் குறிப்பிட்டு, ஆராய்ச்சியில் முன்னுரிமை பெறவேண்டிய நோய்க்கிருமிகள் என்று பட்டியலிட்டது.

இந்நிலையில் புதிய தாக்குமுனை ஒன்றைத் தந்திருக்கும் தனிமம் போரான். அதன் மூலக்கூறுகளை ஆராயும் இரு வழிகள் நிறமாலை ஆய்வும் கணினி வழிக் கணிப்பும் ஆகும். இவ்விரண்டும் எதைக் காட்டுகின்றன, எந்த எல்லையில் நின்றுவிடுகின்றன என்பதை அறிந்துகொள்ள, புனே நகரின் அனுபவத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

பிம்ப்ரியில் கிடைத்த முதல் பாடம்

அன்றைய பம்பாய் மாநிலத்தில், புனேக்கு அருகிலுள்ள பிம்ப்ரியில் 1954-ஆம் ஆண்டு இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் அமைக்கப்பட்டது. மருந்து உற்பத்திக்கென்று இந்திய அரசு தொடங்கிய முதல் பொதுத்துறை நிறுவனம் இதுவே. உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமும் இதற்கு உதவின. 1955-இல் பெனிசிலின் உற்பத்தி தொடங்கியது. உற்பத்தியோடு நின்றுவிடாமல், மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலிருந்து புதிய மருந்துகளைத் தேடும் ஆராய்ச்சிப் பிரிவும் அங்கே இயங்கியது.

பூஞ்சையியல் அறிஞர் எம். ஜே. திருமலாச்சாரும் அவருடைய குழுவினரும் 1961-இல் ஹாமைசின் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்தைப் பற்றி அறிவித்தனர். அதனைச் சுரக்கும் நுண்ணுயிருக்கு ஸ்ட்ரெப்டோமைசஸ் பிம்ப்ரினா என்று அவ்வூரின் பெயரே இடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஆரியோஃபஞ்சின் என்னும் மற்றொரு பொருளும் அங்கே கண்டறியப்பட்டது. பயிர்களைத் தாக்கும் பூஞ்சைகளுக்கு எதிராக அது பயன்பட்டது. தமிழ்நாட்டுத் தென்னை விவசாயிகள் அப்பெயரை அறிவர். 1952-இல் தஞ்சை மாவட்டத்தில் இனங்காணப்பட்டுத் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர் பெற்ற அடித்தண்டு அழுகல் நோய்க்கு, ஆரியோஃபஞ்சினை மயில்துத்தத்துடன் நீரில் கலந்து வேர் மூலம் செலுத்துமாறு வேளாண் துறையினர் பரிந்துரைத்து வந்துள்ளனர்.

ஹாமைசின் எவ்வகைப் பொருள் என்பதை அறிய உதவியது புறஊதா நிறமாலையே. ஏழு இரட்டைப் பிணைப்புகள் ஒற்றைப் பிணைப்புகளுடன் மாறி மாறித் தொடர்ந்து அமையுமாயின், அம்மூலக்கூறு ஏறத்தாழ 360, 380, 400 நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சி மூன்று முகடுகளைக் காட்டும். ஹாமைசின் இம்மூன்று முகடுகளையும் காட்டியது. ஆகவே அது பாலியீன் குடும்பத்தில் ஏழு இரட்டைப் பிணைப்புகள் கொண்ட கிளையைச் சேர்ந்தது என்பது தெளிவாயிற்று. சோதனைக் குழாயில் பல பூஞ்சைகளை அது மிகச் சிறு அளவிலேயே கொன்றது.

ஆயினும் ஹாமைசின் பெருமருந்தாக வளரவில்லை. அது நீரில் கரைவதில்லை. விழுங்கினால் குடலிலிருந்து இரத்தத்தில் போதிய அளவு சேர்வதில்லை. எனவே வாய்ப்புண், பிறப்புறுப்புத் தொற்று போன்றவற்றுக்கு மேற்பூச்சாகப் பயன்படுவதே அதன் முதன்மையான பணியாயிற்று. இதே இயல்புடைய ஆம்போடெரிசின்-பி மருந்தைப் பிற்காலத்தில் கொழுப்பு நுண்குமிழிகளில் அடைத்து, நச்சுத்தன்மையைக் குறைத்து நரம்பு வழியே செலுத்தும் முறை உருவாக்கப்பட்டது. 2021-இல் தட்டுப்பாடு ஏற்பட்டது இந்த வடிவத்துக்கே. ஒரு பொருள் பூஞ்சையைக் கொல்கிறது என்பதும், அது எக்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதும் தெரிந்த பின்னரும், நோயுற்ற இடத்துக்கு அது போய்ச் சேருமா என்ற கேள்வி விடையின்றியே நிற்கக்கூடும் என்பது பிம்ப்ரி தந்த பாடம்.

வெங்காரத்தின் வழித்தோன்றல்

போரான் தமிழருக்குப் புதிய பொருளன்று. பொற்கொல்லர் பற்றவைக்கப் பயன்படுத்துவதும் சித்த மருத்துவத்தில் இடம்பெறுவதுமான வெங்காரம் போரானின் உப்பே ஆகும். லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் அது இயற்கையாகக் கிடைக்கிறது. கேரம் பலகையில் தூவப்படும் போரிக் தூள் போரானின் அமிலம். அவ்வமிலத்தின் நீர்த்த கரைசல் மென்மையான கிருமிநாசினியாக நெடுங்காலம் பயன்பட்டது. மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத சிலவகைக் கேண்டிடா தொற்றுகளுக்கு மருத்துவர்கள் இன்றும் போரிக் அமிலத்தை வெளிமருந்தாக அளிப்பதுண்டு. விழுங்கினால் அது நஞ்சு. எனவே மருத்துவரின் மேற்பார்வையின்றிப் பயன்படுத்தத் தக்கதன்று.

மருந்தியலில் போரான் சிறப்புறுவதற்குக் காரணம் அதன் எலெக்ட்ரான் அமைப்பு. அணு எண் 5 உடைய இத்தனிமத்தின் வெளிச்சுற்றில் மூன்று எலெக்ட்ரான்களே உள்ளன. கார்பன் நான்கு பிணைப்புகள் அமைத்துத் தன்னைச் சுற்றி எட்டு எலெக்ட்ரான்களை நிறைத்துக்கொள்கிறது. போரான் மூன்று பிணைப்புகள் அமைத்தாலும் ஆறு எலெக்ட்ரான்களே சேர்கின்றன; ஓர் இடம் வெறுமையாகவே இருக்கிறது. பந்தியில் ஓர் இலை காலியாக இருந்தால் அதில் அமர யாரேனும் வருவர் என்பதுபோல், எலெக்ட்ரான் இணையை உடைய ஆக்சிஜன் அணு அவ்விடத்தை நாடி வருகிறது. அப்போது தட்டையான முக்கோண வடிவிலிருந்த போரான், நான்கு மூலைகளையுடைய நான்முகி வடிவத்துக்கு மாறுகிறது. சூழ்நிலை மாறினால் அப்பிணைப்பு அவிழ்ந்து பழைய வடிவத்துக்கே திரும்பவும் இயலும். கட்டவும் அவிழ்க்கவும் இயலும் இந்தப் பிணைப்பே போரான் மருந்துகளின் உயிர்நாடி.

இயற்கையும் இதனை அறிந்தே பயன்படுத்தியுள்ளது. 1967-இல் மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து போரோமைசின் என்னும் போரான் கொண்ட நுண்ணுயிர்க்கொல்லி கண்டறியப்பட்டது. மனிதர் வடிவமைத்த போரான் மருந்துகளுள் முதலில் ஒப்புதல் பெற்றது 2003-இல் வெளிவந்த போர்டெசோமிப் என்னும் புற்றுநோய் மருந்து. பூஞ்சைக்கு எதிரான முதல் போரான் மருந்தாகிய டாவபோரோல், கால் நகங்களில் ஏற்படும் பூஞ்சைத் தொற்றுக்கு மேற்பூச்சாக 2014-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒப்புதல் பெற்றது.

நொதியைப் பூட்டும் அணு

டாவபோரோல் மிகச் சிறிய மூலக்கூறு. கார்பன் 7, ஹைட்ரஜன் 6, ஆக்சிஜன் 2, போரான் 1, ஃபுளுரின் 1 என மொத்தம் 17 அணுக்களே அதில் உள்ளன. அதன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 152. ஆம்போடெரிசின்-பியின் எடை 924. நகத்தின் அடர்த்தியான கெரட்டின் அடுக்கை ஊடுருவிச் செல்ல இச்சிறு உருவம் துணை செய்கிறது. பென்சீன் வளையத்தோடு ஒட்டிய ஐந்தணு வளையம் ஒன்றில் போரான் அமர்ந்துள்ளது. இத்தகைய கட்டமைப்பைப் பென்சாக்சபோரோல் என்பர்.

இம்மருந்து பூஞ்சையின் புரத உற்பத்தியைத் தாக்குகிறது. உயிரணுவில் புரதம் கட்டப்படும்போது ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் சுமந்து செல்லத் தனித்தனிக் கடத்து ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் உண்டு. லியூசின் என்னும் அமினோ அமிலத்தை அதற்குரிய ஆர்.என்.ஏ.வின் நுனியில் ஏற்றிவிட ஒரு நொதி இருக்கிறது. தவறான சரக்கு ஏற்றப்பட்டால் அதனை இறக்கிவிடுவதற்கெனத் தவறு திருத்தும் அறையொன்றும் அந்நொதியில் அமைந்துள்ளது. டாவபோரோல் இந்த அறைக்குள் நுழைகிறது. அங்கே வந்து சேரும் ஆர்.என்.ஏ.வின் நுனியில் அருகருகே இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. போரான் அவ்விரண்டின் ஆக்சிஜன் அணுக்களோடும் பிணைந்து, ஆர்.என்.ஏ.வை அறைக்குள்ளேயே பூட்டிவிடுகிறது. நொதி மேலும் பணிபுரிய இயலாமல் நின்றுவிடுகிறது. புரத உற்பத்தி தடைப்படுகிறது. 2007-இல் வெளியான ஆய்வு இவ்வியக்கத்தை விளக்கியது. மனிதனின் நொதியைக் காட்டிலும் பூஞ்சையின் நொதியையே இம்மருந்து மிகக் கூடுதலாகப் பற்றுகிறது. நாம் தேடிய சிறு வேறுபாடு ஒன்று இங்கே கிடைத்துவிட்டது.

இதன் வெற்றியை மிகைப்படுத்தலும் ஆகாது. 48 வாரங்கள் நாள்தோறும் பூசியபின் முழுக்குணம் அடைந்தோர் இரு மருத்துவ ஆய்வுகளில் முறையே 6.5 விழுக்காட்டினரும் 9.1 விழுக்காட்டினரும் ஆவர். மருந்தற்ற கரைசலைப் பூசியோரில் இது 0.5, 1.5 விழுக்காடாக இருந்தது. வேறுபாடு உறுதியானது, அளவோ சிறியது. இதே நொதியின் பாக்டீரிய வடிவத்தைத் தாக்கும் மற்றொரு போரான் மருந்து சிறுநீர்த் தொற்றுக்கு ஆய்வு செய்யப்பட்டபோது, பாக்டீரியாக்கள் விரைந்து எதிர்ப்புத்திறன் பெற்றமையால் அவ்வாய்வு 2012-இல் கைவிடப்பட்டது. எனவே போரான் ஓர் ஆற்றல்மிகு வழி என்பதும், அவ்வழி இன்னும் செப்பனிடப்பட வேண்டியது என்பதும் ஒருங்கே உண்மை.

நிறமாலை காட்டுவது

செப்பனிடும் பணியில் முதற்கருவி நிறமாலை. மூலக்கூறின் பிணைப்புகள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. 17 அணுக்களைக் கொண்ட டாவபோரோலுக்கு 45 வகை அதிர்வுகள் உண்டு. இவற்றுட் சில அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுவதன் மூலம் வெளிப்படும். சில 1928-இல் சர் சி. வி. ராமன் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவின் மூலம் வெளிப்படும். இரு நிறமாலைகளையும் இணைத்துப் படித்தால்தான் மூலக்கூறின் முழு அதிர்வுப் படமும் கிடைக்கும். போரானும் ஆக்சிஜனும் நீண்டு சுருங்கும் அதிர்வு, அகச்சிவப்பு நிறமாலையில் ஏறத்தாழ 1,300-க்கும் 1,400-க்கும் இடைப்பட்ட அலை எண்களில் வலுவான பட்டையாகத் தோன்றும்.

அப்பட்டை போரானுக்கு உரியதுதானா என்று உறுதி செய்ய இயற்கையே ஒரு முத்திரை இட்டிருக்கிறது. இயற்கைப் போரானில் ஏறத்தாழ 80 விழுக்காடு போரான்-11. 20 விழுக்காடு போரான்-10. இலேசான போரான்-10 சற்று விரைவாக அதிர்வதால், முதன்மைப் பட்டைக்கு அருகே உயர்ந்த அலை எண் பக்கத்தில் அதைப்போல் நான்கில் ஒரு பங்கு வலிமையுடைய துணைப் பட்டை தோன்றும். இந்த இணை தென்படுமானால் அவ்வதிர்வில் போரானுக்குப் பங்கு உண்டு என்று துணியலாம்.

மருந்தின் செயலைப் புரிந்துகொள்வதில் இதைவிட முதன்மையானது போரான்-11 அணுக்கருவின் காந்த ஒத்ததிர்வு. முக்கோண வடிவப் போரான் பத்து லட்சத்தில் 30 பகுதி என்னும் இடத்துக்கு அருகே குறி காட்டும். நான்முகி வடிவத்துக்கு மாறியதும் அக்குறி 10-க்கும் கீழே இறங்கிவிடும். கரைசலின் காரத்தன்மையைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டே இக்குறியின் இடப்பெயர்ச்சியை அளந்தால், எந்தப் பி.எச். அளவில் பாதி மூலக்கூறுகள் வடிவம் மாறுகின்றன என்பது தெரியும். சாதாரண ஃபீனைல் போரானிக் அமிலத்துக்கு இவ்வளவு ஏறத்தாழ 8.8, பென்சாக்சபோரோலுக்கு ஏறத்தாழ 7.3. மனித இரத்தத்தின் பி.எச். 7.4. ஐந்தணு வளையத்துக்குள் போரானை நெருக்கி அமைத்ததன் பயனாக, உடலின் இயல்பான சூழலிலேயே ஏறத்தாழ பாதி மூலக்கூறுகள் வடிவம் மாறும் நிலையை எய்துகின்றன. டாவபோரோலில் சேர்க்கப்பட்ட ஃபுளுரின் இவ்வளவை இன்னும் சற்றுக் குறைக்கிறது. வேதியியலார் செய்த ஒரு சிறு மாற்றம் மருந்தின் இயல்பை எவ்வாறு திருப்புகிறது என்பதற்கு இது தெளிவான சான்று.

கணிப்பு காட்டுவது

இரண்டாவது கருவி குவாண்டம் கணிப்பு. டாவபோரோலில் 78 எலெக்ட்ரான்கள் உள்ளன. அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு இயங்கும் முறையைத் துல்லியமாகத் தீர்ப்பது இயலாத செயல். 1964, 1965 ஆம் ஆண்டுகளில் வால்டர் கோனும் அவருடன் பணியாற்றியோரும் வகுத்த அடர்த்திச் சார்புக் கொள்கை இதற்கு ஒரு குறுக்குவழி தந்தது. ஒவ்வோர் எலெக்ட்ரானையும் தனித்தனியே பின்தொடர்வதற்கு மாறாக, எலெக்ட்ரான் முகில் எங்கெங்கு எத்துணை அடர்த்தியாக உள்ளது என்பதை மட்டும் கணித்தால் மூலக்கூறின் ஆற்றலைப் பெறலாம் என்பதே அதன் சாரம். இப்பணிக்காகக் கோன் 1998-இல் ஜான் போப்பிளுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இக்கணிப்பால் மூலக்கூறின் வடிவம், அதிர்வு எண்கள், எலெக்ட்ரான் செறிந்த பகுதிகள், எலெக்ட்ரான் வறண்ட பகுதிகள் ஆகியவற்றைக் காணலாம். மின்னிலை வரைபடத்தில் போரானின் வெறுமையான இடம் நேர்மின்னிலைப் பகுதியாகத் தனித்துத் தோன்றும். ஆக்சிஜன் எத்திசையிலிருந்து வந்து பிணையும் என்பதை அவ்வரைபடம் முன்கூட்டியே உணர்த்துகிறது.

இத்துறையில் புனேயின் பங்கு குறிப்பிடத்தக்கது. 1949-இல் தொடங்கப்பெற்று, 2014 முதல் சாவித்ரிபாய் புலே பெயரைத் தாங்கும் புனேப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஸ்ரீதர் காத்ரேயும் அவருடைய மாணவர்களும் மூலக்கூறுகளின் மின்னிலைப் பரப்பை ஆராய்ந்தனர். பெரிய மூலக்கூறுகளைக் கணிப்பதற்கு 1994-இல் மூலக்கூறுத் தையல் முறையையும் அவர்கள் உருவாக்கினர். தையற்காரர் துணியை வெட்டித் தைப்பதுபோல், பெரிய மூலக்கூறை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும் துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனியே கணித்து, பின்னர் விடைகளை இணைப்பது இம்முறை. கணிப்பொறி வசதி குறைந்த காலத்தில் அறிவுத்திறன் கொண்டு அக்குறையை நிரப்பிய முயற்சி இது.

கணிப்பொறிகளும் புனேயிலேயே உருவாயின. 1988-இல் அமைக்கப்பட்ட மேம்பட்ட கணினி வளர்ச்சி மையம் 1991-இல் பரம் 8000 என்னும் பெருங்கணினியை உருவாக்கியது. தேசியப் பெருங்கணினித் திட்டத்தின்கீழ் புனேயின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் 2019-இல் அமைக்கப்பட்ட பரம் பிரம்மா, நொடிக்கு ஏறத்தாழ 797 லட்சம் கோடிக் கணக்கீடுகளைச் செய்யும் திறனுடையது. 17 அணுக்கள் கொண்ட மருந்தைக் கணிக்க ஒரு மேசைக் கணினியே போதும். அம்மருந்து பற்றும் நொதியோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களால் ஆனது. நீர் சூழ்ந்த நிலையில் அதன் அசைவுகளைப் பின்தொடர இத்தகைய பெருங்கணினிகள் வேண்டும்.

இரண்டும் முரண்படும் இடம்

நிறமாலையையும் கணிப்பையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது இன்று பல கல்லூரிகளில் வழக்கமான ஆய்வு முறையாகிவிட்டது. தமிழ்நாட்டின் இயற்பியல் துறைகள் பலவற்றிலும் மருந்து மூலக்கூறுகளைப் பற்றிய இத்தகைய ஆய்வுகள் நடைபெறுகின்றன. பெரிய செலவின்றி மாணவர்க்கு நல்ல பயிற்சி அளிப்பதால் இம்முறை வரவேற்கத்தக்கது. ஆனால் இரண்டும் பொருந்துகின்றன என்று காட்டுவதோடு ஆய்வை முடித்துக்கொள்ளும் போக்கு ஏற்பட்டால் அது பயன் தராது. பெரும்பாலும் அவை முரண்படும் இடத்திலேயே புதிய செய்தி கிடைக்கிறது.

எடுத்துக்காட்டாக, வெற்றிடத்தில் தனித்து நிற்கும் மூலக்கூறுக்கே கணிப்பு எளிதாகச் செய்யப்படுகிறது. அவ்வாறு செய்தால் ஹைட்ராக்சில் தொகுதியின் அதிர்வு 3,700-க்கும் மேற்பட்ட அலை எண்ணில் கூர்மையாக அமையும். அளந்து பார்த்தாலோ அது பல நூறு அலகுகள் கீழே இறங்கி, அகன்ற பட்டையாகக் காணப்படும். கணிப்பில் பிழை என்று ஓர் எண்ணால் பெருக்கிச் சரிசெய்துவிடலாகாது. படிகத்தில் இரு மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் இணைந்து நிற்கின்றன என்பதையே அவ்வேறுபாடு உணர்த்துகிறது. அவ்விணைப்பு எவ்வளவு வலியது என்பது மருந்து எளிதில் கரையுமா என்பதோடு தொடர்புடையது. ஹாமைசினை முடக்கிய கேள்வி இங்கே நிறமாலையின் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் அதனைப் படிக்கலாம்.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. மருந்து நொதியின் அறைக்குள் எவ்வாறு பொருந்துகிறது என்று மதிப்பெண் இடும் கணினி நிரல்கள் எளிதில் கிடைக்கின்றன. அவற்றுட் பல போரானுக்குரிய அளவுகளை முறையாகக் கொண்டிருப்பதில்லை. புதிய பிணைப்பு உருவாவதையும் கணக்கில் கொள்வதில்லை. டாவபோரோல் வகையில் இக்குறை ஆய்வையே திசைதிருப்பிவிடும். ஏனெனில் அம்மருந்து பிணைவது நொதியோடு அன்று. நொதிக்குள் வந்த ஆர்.என்.ஏ.வின் நுனியோடு. ஆர்.என்.ஏ. இல்லாத வெற்று அறையில் மருந்தைப் பொருத்திப் பெறும் மதிப்பெண் எத்துணை உயர்ந்ததாயினும், மருந்து வேலை செய்யும் முறையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நொதியும் ஆர்.என்.ஏ.வும் மருந்தும் ஒருங்கே இருந்த படிகத்தை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. சோதனை காட்டிய வழியில் கணிப்பு செல்லவேண்டும். சோதனைக்கு மாற்றாகக் கணிப்பைக் கொள்ளலாகாது.

ஒரே நகரில் உள்ள உறுப்புகள்

மருந்து உருவாக்கத்துக்கு வேண்டிய உறுப்புகள் பலவும் புனேயில் ஒருசேர அமைந்துள்ளன. 1950-இல் திறக்கப்பட்ட தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் புதிய மூலக்கூறுகளைத் தொகுக்கவும் காந்த ஒத்ததிர்வு முறையில் ஆராயவும் வசதிகள் உண்டு. தொழில்துறைக்கு வேண்டிய நுண்ணுயிர்களின் தேசியத் தொகுப்பும் அங்கே பேணப்படுகிறது. அதை அடுத்தே பரம் பிரம்மா இயங்கும் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. 1946-இல் தோன்றி இன்று அகர்கர் ஆராய்ச்சி நிலையம் எனப் பெயர் பெற்றுள்ள நிறுவனத்தில் இந்தியாவின் தேசியப் பூஞ்சைத் தொகுப்பு இருக்கிறது. மூலக்கூறை ஆக்குவோர், அளப்போர், கணிப்போர், பூஞ்சையை வளர்ப்போர் ஆகிய நால்வரும் ஒரே நகரத்தவர். ஹாமைசினை அளித்த பிம்ப்ரி நிறுவனமோ 1990-களின் இறுதியில் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. ஆராய்ச்சிக்கூடமும் உற்பத்திச்சாலையும் ஒரே வளாகத்தில் இணைந்து நின்ற காலத்தின் வலிமை அதனோடு குன்றியது.

அவ்விணைப்பை வேறு வடிவில் மீட்கவேண்டும். போரான் மூலக்கூறு ஒன்றை ஆராயத் தொடங்கும் மாணவர், அதன் நிறமாலையை உலர்ந்த தூளில் மட்டுமன்றி, உடலின் பி.எச். அளவுள்ள நீர்க்கரைசலிலும் எடுத்தல் வேண்டும். கணிப்பிலும் நீரின் விளைவைச் சேர்த்தல் வேண்டும். எவ்வளவு கரைகிறது, நகத்தையும் தோலையும் ஊடுருவுகிறதா என்ற எளிய அளவீடுகளை இறுதிக்கு ஒத்திவையாமல் தொடக்கத்திலேயே செய்தல் நன்று. சாதாரணப் பூஞ்சையோடு, இந்திய நோயாளிகளிடமிருந்து பெறப்பட்ட டெர்பினஃபினுக்குக் கட்டுப்படாத வகையின்மீதும் சோதித்துப் பார்த்தல் வேண்டும். ஆராய்ச்சிக்கு நிதி வழங்கும் அலுவலர்களும் வெளியிடப்பட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், இத்தொடரில் ஒரு மூலக்கூறு எத்தனைப் படிகள் கடந்தது என்பதை அளவுகோலாகக் கொள்வது பொருத்தம். தோல்வியுற்ற மூலக்கூறு ஏன் தோல்வியுற்றது என்ற பதிவும் அடுத்து வருவோர்க்குச் செல்வமே.

வெற்றிடம் ஒன்றைத் தன்னிடத்தே கொண்டிருப்பதாலேயே போரான் பயனுடையதாகிறது. நிறமாலை அந்த இடம் நிரம்புவதைக் காட்டும். கணிப்பு அது நிரம்பும் காரணத்தைச் சொல்லும். சோதனைச்சாலையில் கிடைத்த அவ்வறிவு நோயாளியின் நகத்தையும் நுரையீரலையும் சென்றடைய வேண்டுமானால், இவ்விரண்டோடு கரைதிறன், ஊடுருவல், எதிர்ப்புத்திறன் பற்றிய சலிப்பூட்டும் அளவீடுகளும் தொடக்கத்திலேயே சேரவேண்டும். 1961-இல் கையில் கிடைத்த மருந்து முழுப் பயன் தராமற் போனதற்கும், 60 ஆண்டுகளுக்குப் பின் அதே குடும்பத்து மருந்துக்காக மருத்துவமனை வாயில்களில் மக்கள் காத்துநின்றதற்கும் இடையேயுள்ள தொலைவைக் குறைக்க அதுவே வழி.